தாவீதின் நீல அங்கி

கிலேன் வானெக் எங்கள் நூலகத்துக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஸ்கார்ப் ஆற்றுப் பாலத்தருகே ஒரு கார் டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தாள். அடிபட்ட கதவில் அடிக்கும் புதுப் பெயிண்ட் பழைய பெயிண்டோடு ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும். அதுதான் அவள் பொறுப்பு. தின்னர் வாடை நெஞ்சுக்கு ஆகாமல் போகவே, நகராட்சி அவளை எங்கள் பழஞ்சுவடி அறைக்கு மாற்றியது. நான் அதே அறையில் வாசகர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு சங்கீத ஏடு, அதாவது தாவீது ராஜா பாடியதாகச் சொல்லும் பைபிள் பாடல்களின் ஏடு, உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோல் தாளில் துறவிகள் எழுதியது. பதினொரு வண்ணப் படங்கள். ஒருநாள் உள்ளறையில் டியூப் லைட் போய்விட, கிலேன் பழைய மஞ்சள் பல்பைப் போட்டு அந்த ஏட்டைப் பிரித்தாள். பதினொன்றில் பத்துப் படங்களின் நீலம் லேசாகப் பச்சை தட்டியது. தாவீது ராஜாவின் அங்கி மட்டும் ஊதா தட்டியது. நேரே போய்த் தலைமைக் காப்பாளர் என்பெலிடம் சொன்னாள்.

"கிலேன், இது கார் இல்ல. தாவீது ராஜா," என்றார் அவர்.

"ராஜாவா இருந்தா என்ன முசியே, வேற பெயிண்ட் டப்பா வேற டப்பாதான்."

வெளிச்சம் பட்டு மங்கியிருக்கும் என்று அவர் முடித்துவிட்டார். அவள் விடவில்லை. நான்கு வருஷம் அதையே சொன்னாள். 'இன்னைக்கு தாவீது என்ன கலர்ல இருக்கார்?' என்று மதியச் சாப்பாட்டில் அவளைக் கிண்டல் செய்யாதவர்களே கிடையாது.

அப்புறம் ஒரு மார்ச் மாதம், பாரிசிலிருந்து வேன் நிறையக் கருவிகளோடு ஆய்வுக் குழு வந்தது. தலைமை தாங்கியவர் திஃபேன் ரூவ்ரே என்ற வேதியியலாளர். ஏட்டைத் தொடாமலே எக்ஸ்ரே பாய்ச்சி, எந்த வண்ணத்தில் என்ன உலோகம் என்று அந்தக் கருவி சொல்லிவிடும். இரண்டே நாள், அளக்க வேண்டிய புள்ளிகள் அறுபது, பட்டியலும் தயார். தாவீதின் பக்கத்தில் தங்கமும் சிவப்பும் மட்டும் குறித்திருந்தார்கள். மற்றப் படங்களின் நீலமே போதுமாம்.

பக்கம் திருப்பி, ஏட்டைப் பஞ்சு மெத்தையில் சாய்த்து வைப்பது கிலேனின் வேலை. முதல் நாள் பத்து நீலத்தையும் அளந்தார்கள். ஒவ்வொன்றிலும் திரையில் வரைந்த கோட்டில் ஒரே இடத்தில் செம்புக்கான முகடு ஓங்கி நின்றது. செம்புக் கனிமத்தை அரைத்த நீலம். சாயங்காலத்துக்குள் அந்த முகடு அவளுக்கு மனப்பாடம்.

மறுநாள் மதியம் என்பெல் சாப்பிடப் போனார். கிலேன் நகரவில்லை.

"மதாம், ஒரே ஒரு புள்ளி. சாப்பாட்டு நேரத்துல. என் சாண்ட்விச்ச உங்களுக்கே தந்துடறேன்."

"என்ன சாண்ட்விச்?" என்று கேட்டார் திஃபேன்.

"மாருவால் சீஸ்."

"அந்த நாத்தத்தோட என் கருவி பக்கம் வராதீங்க. பக்கத்தத் திருப்புங்க."

திரையில் கோடு வளர்ந்தது. செம்பு நிற்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது. கருவி நகர்ந்துவிட்டதோ என்று திஃபேன் அங்கியின் வேறொரு மடிப்பில் அளந்தார். அங்கேயும் தட்டை. இன்னொரு கருவியை இழுத்தார். அது வெறும் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளப்பது. கோடு சிவப்புப் பக்கம் போகப் போக விறுவிறுவென்று ஏறியது. செம்பு நீலத்தில் அப்படி ஏறாது.

"லாபிஸ்," என்றார். ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டி, கடல் தாண்டி வந்த நீலக் கல்; அரைத்து வண்ணமாக்குவார்கள். அந்தக் காலத்தில் தங்கத்துக்கு நிகரான விலை. கிலேன் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் சதைக்குள் பதிந்துவிட்டது.

என்பெல் திரும்பி வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். இரண்டு முறை விளக்கச் சொன்னார். பிறகு, "கிலேன், அந்த பல்ப எடுத்துட்டு வாங்க," என்றார். அதன் கீழ் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஊதாதான்," என்றார்.

மற்ற பத்துக்கும் மலிவு நீலம் பூசியவர்கள் இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவழித்தார்கள்? யோசித்துக்கொண்டிருந்த திஃபேன் சட்டென்று கணினியைத் திறந்தார். போன வருஷம் பெல்ஜியப் பக்கம் ஒரு மடத்து நூலகத்தில் இன்னொரு சங்கீத ஏட்டை அளந்திருந்தார். அதில் நீலம் முழுக்க லாபிஸ். தாவீது படம் இருந்த தாளை மட்டும் யாரோ அறுத்தெடுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த பக்கத்தின் புகைப்படத்தை எங்கள் தாவீது பக்கத்தின் புகைப்படத்தோடு ஒரே அளவில் மேலடுக்கினார். அதில் பூச்சி அரித்த மூன்று ஓட்டைகள், எங்களுடையதிலும் மூன்று. அச்சாகப் பொருந்தின. எங்கள் ஏட்டின் வேறு எந்தத் தாளிலும் அந்த இடத்தில் ஓட்டை கிடையாது. என்றோ ஒரு காலத்தில் யாரோ அங்கே அறுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டுத் திரும்பியிருந்த எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டதில் வாசகர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் இரண்டு ஏடுகளும் எங்கள் கூடத்தில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு வாரம் விரித்து வைக்கப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் ஆய்வு அறிக்கை அச்சாகி வந்தது. எழுதியவர்களின் நான்கு பெயர்களில் மூன்றாவது கிலேன் வானெக். தபாலைப் பிரித்து நான்தான் அவளிடம் நீட்டினேன். அவள் தன் பெயரைப் பார்க்கவில்லை. அச்சிட்டிருந்த தாவீதின் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அச்சுக்காரன் ஷேடுல கோட்ட விட்டுட்டான்," என்றாள். அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.