இலை மஞ்சளானால் ஒரு போன்

கிரிஜாவுக்கு வாயே கிடையாது என்று ஆபீசில் சொல்வார்கள். சுத்தப் பொய். வாய் நன்றாகவே இருந்தது. அதில் வருவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் பூனாவில் ஆள் இல்லை. மாயவரத்துப் பெண். பரீட்சை எழுதிப் பாஸாகி, கேம்ப்பில் ராணுவக் கணக்குப் பார்க்கிற ஓர் ஆபீசில் வந்து சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றாய் வந்து ஒவ்வொன்றாய்த் தட்டிப்போய், கடைசியில் பேச்செடுக்கிறவர்களே ஓய்ந்துபோனார்கள். நாற்பதை ஒட்டி, ஊரைத் தள்ளியிருந்த நிக்டியில் இரண்டாவது மாடியில் சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கினாள். காலையில் பஸ், மாலையில் பஸ். ஆபீசில் ஹிந்தி, ஃபைலில் இங்கிலீஷ். மராட்டியை மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. "அது எதுக்கு, ஹிந்திதான் இருக்கே" என்பாள். அந்த மெத்தனம் பின்னால் அவளை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதையே.

எதிர் ஃப்ளாட்டுக்குத் தமிழரசி குடிவந்தது தொண்ணூற்றைந்தில். புருஷன் பாஸ்கர் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். தமிழரசிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கிரிஜாவைவிடப் பத்து வயது சின்னவள். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, அடுப்பில் இருப்பதை மூடி திறந்து பார்த்து, "யக்கா, இது ரசமா வெந்நியா?" என்பாள். கேட்காமலே மோர்ச் சட்டியை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவாள். மூன்று வருஷம் கிரிஜா வீட்டில் ஒரு வாய் மோர் மிஞ்சியதில்லை.

பிறகு பாஸ்கருக்கு ஃபரீதாபாத்தில் பெரிய வேலை கிடைத்தது. லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது தமிழரசி ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கிரிஜா வீட்டு ஹாலில் ஜன்னலோரம் வைத்தாள். சாண் உயரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று.

"அந்தக் குளிருக்கு இது செத்துரும்க்கா. நீங்க வச்சிருங்க. ஒரு வருசத்துல திரும்பி வந்துருவோம்லா, வந்ததும் நான் வாங்கிக்கிடுதேன்."

"சரி, போய்ட்டு வா" என்றாள் கிரிஜா. அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பாள்.

வாங்கிக்கொள்கிறேன் என்ற அந்தச் சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செடி இங்கே இருக்கிறது, ஆகவே அதை வாங்கிக்கொள்ளத் தமிழரசி வருவாள். செடி போய்விட்டால் வருவதற்கு என்ன இருக்கிறது? அசட்டுக் கணக்குதான். தனியாக இருந்து பாருங்கள், நீங்களும் இப்படித்தான் கணக்குப் போடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கி எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழரசியுடன் பேசுவாள். முதலில் இரண்டு மூன்று வாரம் பேச்சு நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் அந்தப் பக்கம் குக்கர் கத்தியது, யாரோ வந்திருந்தார்கள். "யக்கா, ஏதும் விசேசமா?" என்று அவசரமாகக் கேட்டாள் தமிழரசி. விசேஷம் ஒன்றும் இல்லை. "சும்மாதான்" என்று போனை வைத்துவிட்டு, கூசிப்போய் மாடியேறினாள் கிரிஜா. சும்மா போன் பண்ண அதற்குப் பிறகு அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் செடி மஞ்சளித்தது. கிரிஜாவுக்குப் பகீரென்றது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, அதை மறைப்பானேன்? போன் பண்ண ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

"இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு தமிழு. நரம்பு மட்டும் பச்சையா நிக்குது."

"அப்படீன்னா இரும்புச்சத்து பத்தலக்கா. துருப்பிடிச்ச ஆணி ரெண்டு பொதைச்சு வைங்க."

ஆணி புதைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து இலை நுனி கருகியது, அதற்கும் ஒரு போன். "புளிச்ச மோர் ஊத்துங்கக்கா. எங்கம்மா அதான் ஊத்துவா. செடி கொழுகொழுன்னு வரும்." மோருக்கா பஞ்சம்? குடிக்கிறவள்தான் ஊரைவிட்டுப் போய்விட்டாளே. ஒருத்திக்கென்று உறை ஊற்றினாலும் தினம் மிஞ்சியது. உப்பும் பெருங்காயமும் போட்டுக் கரைத்த மிச்ச மோர் அப்படியே தொட்டிக்குப் போனது. போதாததற்கு, ஆபீஸ் போகும்போது ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு என்று சொசைட்டியின் போர்வெல் தண்ணீர் வேறு. வீட்டில் அவள் வந்ததும் போனதும் தெரிய இருந்த ஜீவன் அது ஒன்றுதான். அதற்கு ஊற்றாமல் யாருக்கு ஊற்றுவாள்?

மண்ணின் மேலே வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது. மோர் காய்ந்திருக்கிறது என்று நினைத்தாள். செடியோ நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் ஒரு பிடி மண்ணையும் இரண்டு இலையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கத்து நர்சரிக்குப் போனாள். நர்சரி நடத்துகிற அம்மாள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை ஏட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். தூ என்று துப்பினாள்.

"மாதீத் மீட் ஃபார் ஜாலய்" என்று சொல்லிவிட்டு, துளசி வாங்க வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மாதீ என்றால் மண். மீட் என்றால்? ஹிந்தியில் மீட்டா என்றால் இனிப்பு, இது கூடவா தெரியாது! மண்ணில் இனிப்பு ஏறிவிட்டது. அதனால்தான் அந்த அம்மாள் திகட்டித் துப்பியிருக்கிறாள். இனிப்பை எதனால் முறிப்பது? புளிப்பால்தான். அன்றிலிருந்து மோர் இரண்டு மடங்கானது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது தமிழரசி விழுந்து விழுந்து சிரித்தாள். "மண்ணு இனிக்கா? அப்ப பாயசம் வச்சுக் குடிங்கக்கா!" கிரிஜாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பூத்துக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் இருவரும் அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. அதை நினைத்து நினைத்தே அந்த வாரத்தை ஓட்டிவிட்டாள். செடியில் மூன்று இலைதான் மிச்சம் நின்றது.

எதிர் ஃப்ளாட்டில் இப்போது, கட்டடமே ஜோஷி காகு என்று கூப்பிடுகிற ஒரு மராட்டிக்கார அம்மாள் இருந்தாள். புருஷனை இழந்தவள். மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பாள். கிரிஜா சிரிக்கமாட்டாள். தமிழரசி வீட்டில் இன்னொருத்தி எப்படி இருக்கலாம் என்ற கோபம். நியாயமில்லாத கோபம்தான், ஆனால் இருந்தது. ஒரு நாள் காலையில் அந்தக் காகு கையில் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"தோடஸ மீட் மிளேல் கா?"

கொஞ்சம் மீட் வேண்டுமாம். வேறு வழியில்லாமல் கிண்ணத்தை வாங்கிப் போய்ச் சர்க்கரை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள் கிரிஜா. காகு அதைப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். "அக பாய்! ஸாக்கர் நாஹி. மீட், மீட்! நமக்!"

நமக் என்றால் ஹிந்தியில் உப்பு. மீட் என்றாலும் உப்பு!

கிரிஜா காகுவை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வெள்ளை ஏட்டைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். கரித்தது. போர் தண்ணீரின் உப்பு போதாதென்று, பாவி, தன் கையாலேயே உப்பு மோரை வேறு ஊற்றி ஊற்றி அதன் வேரைச் சுட்டிருக்கிறாள். "அடப்பாவி, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரைக் கேட்பது? அந்தக் கட்டடம் முழுக்க ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற அளவுக்கு அவள் யாரோடும் பழகவில்லை. அதுதான் அவளை அதிகமாக வலித்தது.

மறுபடி நர்சரிக்குப் போய், இந்தத் தடவை ஹிந்தியிலேயே ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். தொட்டியைக் குப்புறத் தட்டினால், அடி ஓட்டையில் ஓட்டுச் சில்லு ஒன்று கச்சிதமாக அடைத்துக்கொண்டிருந்தது. கீழே இறங்க வழியில்லாமல் உப்பு அத்தனையும் உள்ளேயே தங்கியிருக்கிறது. சில்லை எடுத்தாள். பிசுபிசுத்த கரிசலை உதறி, மணலும் மக்கின சாணி எருவும் கலந்து மாற்றி நட்டாள். மழை பிடித்திருந்த நேரம். பால்கனியில் வாளி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரைத் தொட்டியில் விட்டு, அடியில் ஓடிப் போகவிட்டாள். அதற்குப் பிறகு மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஊற்றாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. சொம்பை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

செடி தேறியது. நுனியில் செம்பழுப்பாக ஒரு தளிர் வந்தது, பிறகு கிளை கிளையாக விரிந்தது. தமிழரசி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு ஞாயிறன்று முதல் இணுக்கைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு பூத்துக்குப் போனாள் கிரிஜா. 'உன் செடி ரெடி, வந்து வாங்கிக்கோடி' என்று சொல்லவேண்டும். படி இறங்கும்போது இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"யக்கா! செடி எப்படி இருக்கு?"

வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் சட்டென்று அது உறைத்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு எதைச் சொல்லிப் போன் பண்ணுவது?

"அப்படியேதான் இருக்கு தமிழு" என்றாள். "மஞ்சளாத்தான்." கையிலிருந்த பச்சை இணுக்கின் வாசனை கண்ணாடிக் கூண்டு முழுக்க நிறைந்திருந்தது.

"அட போங்கக்கா, இத்தனூண்டு செடிக்கு எதுக்கு இந்தப் பாடு படுதீங்க? தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்கி வைங்க. நாங்களும் இங்கனயே வீடு வாங்கிட்டோம்க்கா. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. வேற ஏதும் விசேசமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

மேலே வந்து ரசம் வைத்தாள். அந்த இணுக்கை உருவித் தாளித்துக் கொட்டினாள். தட்டில் சோற்றைப் பிசைந்தபோது இலைகள் விரலில் அகப்பட்டன. எல்லோரும் தட்டோரம் ஒதுக்கிவிட்டு எழுந்துபோகிற இலைதானே அது. கிரிஜா ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. அத்தனையையும் மென்று தின்றுவிட்டுத்தான் கை கழுவினாள்.