மரியாதைக்கு ஒரு 'கோ'

எட்டு வயதில் எனக்கிருந்த அறிவுக்கு என்னை யாரும் ஆசிரியராக்கியிருக்கக்கூடாது. யாரும் ஆக்கவில்லை, நானாகவே ஆகிக்கொண்டேன்.

உண்மையான ஆசிரியை பெரியம்மா. சிட்னியின் ஹோம்புஷில் வந்து குடியேறிய சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஊழியத்தை அவருடைய சபை அவரிடம் கொடுத்திருந்தது. ஒருகாலத்தில் வெள்ளைக்கார மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து எங்களுக்கு இங்கிலீசு படிப்பித்தார்கள். பெரியம்மா சிட்னிக்கு வந்து சீனருக்குப் படிப்பித்தார். உலகம் சுற்றுகிறது என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

சனிக்கிழமைகளில் என்னை அந்த வகுப்பில் விட்டுவிட்டுத்தான் அம்மா வேலைக்குப் போவார். அங்கே மிஸ்டர் வாங் என்றொரு சமையற்காரர் படித்தார். முதியோர் இல்லமொன்றின் குசினி வேலைக்கு அவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அது கிடைத்தால்தான் சீனாவிலிருக்கும் மனைவியைக் கூப்பிடலாம்.

அவர் வாசலில் தெரிந்ததும் பெரியம்மா பழக்கதோஷத்தில் "வாங்கோ, வாங்கோ" என்பார். மனிதர் அதைத் தன் பெயர் என்று நினைத்துவிட்டார். ஆனால் கூடவரும் 'கோ' எதற்கு? என்னிடம் கேட்டார். மரியாதைக்கு என்றேன். தமிழில் அது பொய்யுமில்லை. இங்கிலீசில் 'கோ' என்றால் போ அல்லவா என்று சந்தேகப்பட்டார். அது வேறு கோ என்று அடித்துச் சொன்னேன். பெரிய ஆட்களின் பெயரோடு சேர்த்தால் குளிர்ந்துபோவார்கள் என்று என் பங்குக்கு ஒரு விதியும் இயற்றிக் கொடுத்தேன்.

இல்லத்து மேலாளரின் பெயர் டேவிட். மிஸ்டர் வாங் உள்ளே போய்க் குனிந்து, "குட் மோர்னிங், டேவிட் கோ" என்றிருக்கிறார். டேவிட்டின் முகம் மாறியதும், மரியாதை போதவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு தடவை.

வேலை கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மிஸ்டர் வாங்குடன் அவருடைய மகளும் வந்து இதைச் சொன்னபோது, யார் இப்படிச் சொல்லித்தந்தது என்று பெரியம்மா மிஸ்டர் வாங்கிடம் கேட்டார். அவர் காதைத் தட்டிக்காட்டி, "மை இயர் நோ குட்" என்றார். நான் மிகுந்த கவனத்தோடு பஸ் ஒன்று வரைந்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பெரியம்மா வாசலில் "கம் இன், மிஸ்டர் வாங்" என்று சொல்லத் தொடங்கினார். பெரியம்மாவும் அவுஸ்திரேலியாக்காரியாகிவிட்டார் என்றுதான் எனக்கு விளங்கியது. எட்டு மாதம் கழித்து மிஸ்டர் வாங்குக்கு வேறொரு குசினியில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மனைவி வந்தார்.

போன மாதம், இருபது வருடத் தாமதத்துடன், லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் நீண்ட முன்னுரையோடு குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும், உன்னை ஏசவேண்டாமெண்டு அவர்தான் கேட்டவர்."