ஜீப் கேட்டு ஒரு மனு

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் விசிலும் கையுமாக லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்... அட, நம்ம கான்ஸ்டபிள் ஏழுமலை!

பார்க்காத மாதிரி நழுவிவிடலாமா? நழுவத்தான் பார்த்தேன். காரணம் இருக்கிறது.

ஆறு மாதம் முன்புவரை கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குக் காவல் என்றால் ஏழுமலையும் அவருடைய சைக்கிளும்தான். என் வீட்டு வாசலில் ஸ்டேஷன் நோட்டு ஒன்று தொங்கும். 'பட்டா புத்தகம்' என்பார்கள். ரோந்து வந்ததற்கு அத்தாட்சியாக அதில் அவர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வருவார். கையெழுத்து அரை நிமிஷம் — பேச்சு அரை மணி.

"இன்னா சார், இருமல் எப்டி கீது? மாத்திரை போட்டுகினீங்களா?"

மனைவி போய் நாலு வருஷம். மகள் பம்பாயில். என்னை இப்படிக் கேட்க வேறு யார் இருந்தார்கள்? மூன்று மணிக்கு இரண்டு டம்ளர் டீ போடுவேன். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக.

அப்புறம் பக்கத்துத் தெருவில் தண்ணீர் மோட்டார் ஒன்று திருடு போனது. அடுத்த வாரமே இன்னொன்று. நலச் சங்கத்தில் அவசரக் கூட்டம்.

"ஒரே ஒரு சைக்கிள் போலீஸை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? ஜீப் ரோந்து வேணும்" என்றார் செயலாளர். "நீங்க பத்திரிகையில எழுதறவர். மனுவை நீங்களே எழுதிடுங்க."

சும்மாவே எழுதுகிறவன் நான். புகழ்ந்தால் கேட்கவா வேண்டும்? வெளுத்து வாங்கிவிட்டேன். 'டீ குடித்து, அரட்டை அடித்துப் பொழுதைக் கழிக்கும் காவலரால் திருடர்களுக்கே லாபம்' — கூட்டத்தில் படித்தபோது பலத்த கைதட்டல். அது யார் வீட்டு டீ என்பது அந்தச் சத்தத்தில் எனக்கே மறந்துபோனது.

மனு பலித்தது. புது இன்ஸ்பெக்டர் ஜீப் அனுப்பினார். நோட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள்; ஏழுமலையை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். திருட்டும் நின்றது — பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஜீப் நிற்பதில்லையே! போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து தண்ணீர் எடுக்கத் தெம்பில்லை. தினமும் ஜீப் சத்தம் கேட்டது. வரும்... போகும். இந்த வீட்டில் ஒருவன் படுத்துக் கிடக்கிறான் என்று அதற்கு யார் சொல்வது? அந்த மூன்று நாளும் மூன்று மணிக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தையில் அவர்தான் என்னைப் பிடித்தார்.

"சார்! இன்னா இப்டி எளச்சிட்டீங்க? இருமல் வுட்டுச்சா?"

"ஏழுமலை... அந்த மனு..."

"இன்ஸ்பெக்டர் அய்யா எங்க எல்லாருக்கும் படிச்சி காட்னாரு சார். டீ மேட்டர் வந்ததுமே நம்ம சார் எழுத்துன்னு தெரிஞ்சிகினேன்" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்."

"அந்தப் பக்கம் நமக்கு இப்ப டூட்டி இல்லியே சார்" என்றவர், பின்னால் ஹாரன் அடித்த லாரியைப் பார்த்து விசில் ஊதப் போய்விட்டார்.

மின்சார ரயிலில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. பாதுகாப்பு கேட்டு மனு எழுதுகிறவர்கள், தங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

எங்கள் தெரு இப்போது ரொம்பப் பத்திரம். என் வீட்டுக்குத் திருடன்கூட வருவதில்லை.