மருந்துப் பட்டை

ஷூ வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். உள்ளே கையை விட்டுக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருந்தால் அதுதான் சுகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மெத்து மத்தியானத்துக்குள் அப்பளமாக நசுங்கிவிடும். நாள் முழுக்க நிற்கிற காலுக்கு வேண்டியது மெத்து இல்லை, பிடிமானம். குதிகாலைக் கிண்ணம் மாதிரி ஏந்திக்கொள்ள வேண்டும். பாதத்தின் வளைவுக்குக் கீழே கொஞ்சம் விறைப்பாக முட்டுக் கொடுக்க வேண்டும். இளக்கமெல்லாம் விரல்களுக்கு அடியில் இருந்தால் போதும். இதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் நீளம் என்று கம்பெனியிலும் பெயர், வீட்டிலும் பெயர். அப்பேர்ப்பட்ட வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஷூவுக்குள் போடுகிற இன்சோல் செய்யும் கம்பெனி ஒன்றில், சாம்பிள் ரூமில் வேலை பார்க்கிறேன். கால் அச்சு வரும். அதைப் பார்த்து வடிவம் போட்டு, நுரையை அடுக்கடுக்காக ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து, முதல் ஜோடியைச் செய்து கொடுப்பேன். நான் பாலிடெக்னிக்கில் படித்தது ரப்பரும் பிளாஸ்டிக்கும். படிப்பு இழுத்துக்கொண்டு போன இடம் இது. பிடித்துத்தான் செய்கிறேன்.

ஆனால் திருவள்ளூரில் எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. எங்களுடையது பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருக்கிற குடும்பங்களின் தெரு. என்ன கம்பெனி என்று கேட்டால் ஃபோம் கம்பெனி என்பேன். மெத்தை, சோபா என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். செருப்பு, தோல் என்று பேச்சு கிளம்பினால் என் கையால் செய்த தளிகையை யாரும் தொடமாட்டார்களோ என்று ஒரு உதறல். உதறல் என்று சொல்வதுகூடப் பூசி மெழுகுவதுதான். வெட்கம். சோறு போடுகிற வேலையை வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

என் கணவருக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் பயந்து பயந்து சொன்னேன். கால் வலிக்காமல் இருக்கத்தானே பண்ணுகிறாய், அதில் என்ன வந்தது என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படித்தான். கோயில் மடப்பள்ளியில் வேலை. உற்சவம் என்றால் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களில் ஒருவர். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் என்போம். வாகனத்தைத் தூக்குகிற முன்தண்டில் இடது பக்கம் அவர் இடம். அவருக்கு முன்னால் அவர் அப்பா இருந்த இடம்.

போன தை மாதத்தில் அவருக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் பாயை விட்டு எழுந்ததும் முதல் அடி வைக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முகம் கோணும், பிறகு மெல்ல நடப்பார். நானே நச்சரித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். வெறுங்காலோடு நடக்காதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். இவருக்கு உலகத்தில் இருக்கிற வேலையே அந்த இரண்டுதான். வெளியே வந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பங்குனியில் ஒரு சின்னப் புறப்பாட்டில் இவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் தண்டு சாய்ந்தது. பெருமாள் ஒரு பக்கமாக ஆடினார். கோயில் காரியங்களைக் கவனிக்கிற பெரியவர் திட்டவில்லை. வைகாசி கருட சேவைக்குள் கால் சரியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று தன்மையாகவே சொன்னார். கருட வாகனம் விளையாட்டுக் கனமில்லை. இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, முற்றத்துக் குழாயடியில் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். அந்த இடம் போய்விட்டால் இவருக்குத் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது என்றே தெரியாது.

எனக்குத் தலைக்கனம். வெளிநாட்டுக்காரன் காலுக்கெல்லாம் செய்து அனுப்புகிறேன், என் ஆத்துக்காரர் குதிகாலுக்கு ஒன்று செய்ய மாட்டேனா என்று கிளம்பிவிட்டேன். ஷூ இல்லாத காலுக்கு இன்சோல் நிற்காது என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான். ஷூதான் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது தெரிந்தும் இறங்கினேன். குதிகாலுக்கு மட்டும் மெல்லிய கிண்ணமாக, தோல் நிறத்து நுரையில், ஓரத்தைக் காகிதம் போலத் தேய்த்து ஒன்று செய்தேன். காலோடு ஒட்ட, காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி, இரண்டு பக்கமும் ஒட்டுகிற வகை. மேல் உறைக்குத் துணி போட்டுப் பார்த்தேன், வியர்வையில் நழுவியது. மெல்லிய ஆட்டுத் தோல் போட்டேன். கச்சிதமாகப் பிடித்தது. அந்த நிமிஷம் கையை எடுத்திருக்க வேண்டும். எங்கே எடுத்தேன்? இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று பூரித்துப் போய் நின்றேன்.

கட்டிங் மெஷினில் இருக்கிற பெண்ணின் காலில் ஒட்டி நடக்கச் சொன்னேன். அவள் சாம்பிள் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஒட்டிக்கினே கீதுக்கா. யாருக்கு இது? ஷூ போடாத ஆளு யாரு?"

ஏதோ புது ஆர்டர் என்று சொல்லிச் சமாளித்தேன். தெருவில் என் வேலையைச் சொல்ல வெட்கம், கம்பெனியில் அவர் வேலையைச் சொல்ல வெட்கம். இப்படியும் ஒரு ஜென்மம்.

வீட்டில் அவரிடம், வருகிற வழியில் டாக்டரைப் பார்த்தேன், அவர் கொடுத்த மருந்துப் பட்டை என்று நீட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல தோல் கீல் ஒண்ணும் இல்லையே?"

"ஐயே, மருந்துன்னு சொல்றேனே. டாக்டர் தருவாரா அந்த மாதிரி?"

அதற்குமேல் கேட்கவில்லை. என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமே இருந்ததில்லை. ஒட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் அப்படியே இளகியிருந்தது. வலியே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பெருமாள் கிருபை என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

கருட சேவை அன்று விடிந்ததும் தெருவே அலம்பிவிட்டாற்போல இருந்தது. பெருமாள் வருகிற நாளில் நீர் தெளித்துக் கோலம் போடாத வாசல் எங்கள் தெருவில் கிடையாது. நான் சும்மா இருப்பேனா? முன்தண்டில் என் ஆத்துக்காரர் வருகிறார் என்று குடம் குடமாகக் கொட்டி, வாசலை அடைத்துப் பெரிய கோலமாகப் போட்டேன். வியர்வைக்குக் கணக்குப் போட்டேன், வெயிலுக்குக் கணக்குப் போட்டேன், கனத்துக்குக் கணக்குப் போட்டேன். தெருக்கோடியிலிருந்து அவர் மிதித்து வரப்போகிற ஈரத்துக்கு மட்டும் போடவில்லை. ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

வந்தார்கள். இவர் காலைத் தாங்கித் தாங்கி நடக்கவே இல்லை. நிமிர்ந்து, சின்னப் பையன் மாதிரி நடந்து வந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் வாசலில் கற்பூரம் காட்டுவதற்காக வாகனம் நின்றது. நான் தட்டோடு முன்னால் போனேன். இவர் காலை மாற்றி வைத்தபோது அந்தப் பட்டை ஈரத்தில் ஊறிக் கழன்று என் கோலத்தின் நடுவில் விழுந்தது.

சேவிக்க வந்து நின்றவர்களில் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர் ஒருவர். யார் காலிலாவது இடறப்போகிறது என்று நல்ல எண்ணத்தில்தான் குனிந்து எடுத்தார். அவருக்குத் தெரியாத பொருளா?

"இன்னா இது, ஷூ உள்ள போடற சோலு மாதிரி கீது. மேல தோலு வேற ஒட்டிகீது பாருங்க சாமி."

நாகஸ்வரம் நின்றுவிட்டது. பெரியவர் வந்து அதைத் தொடாமல் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். தோளில் பெருமாளோடு நின்ற இவர் அந்தப் பட்டையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். மருந்து என்றுதானே சொன்னாய் என்று கேட்கிற பார்வை.

நான்தான் கொடுத்தேன், அவருக்குத் தெரியாது. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் எங்கிருந்து கிடைத்தது என்பார்கள், எங்கே வேலை பார்க்கிறேன் என்பது தெருவுக்கே வெளிச்சமாகிவிடும். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டாற்போல நின்றேன்.

"என்னோடதுதான்," என்றார் இவர். "கால் வலின்னு நானே கடைல வாங்கி ஒட்டிண்டேன்."

தோல் என்று தெரியுமா என்று பெரியவர் கேட்டார்.

"தெரியும்."

வேறு ஒருவர் வந்து தோள் கொடுத்தார். இவர் தண்டை விட்டு வெளியே வந்தார். வாகனம் ஒரு கணம் தாழ்ந்து நிமிர்ந்தது. இவர் வீட்டுக்குள் வராமல், மறுபடியும் காலைத் தாங்கிக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாகத் தெருக்கோடிப் பக்கம் போனார். என் பக்கத்தில் நின்ற பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், ஆத்துக்காரிக்கே தெரியாமல் பண்ணியிருக்கிறாரே என்று என்னைத் தேற்றினார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேற்றிக்கொள்ளட்டும் என்று நின்றேன். அந்தக் கூச்சம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். காலில் விழுந்திருக்க வேண்டும் நான். அதற்குப் பதில் சண்டை பிடித்தேன். என் வெட்கம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"யார் உங்களைப் பொய் சொல்லச் சொன்னா?"

"நீ ஒண்ணும் சொல்லலையேடி," என்றார்.

மேல்துண்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே அவராகவே சொன்னார். தோலுக்குப் பிராயச்சித்தம் இருக்கிறதாம். பஞ்சகவ்யம் கொடுத்து, இரண்டு மந்திரம் சொல்லிச் சேர்த்துக்கொண்டுவிடுவார்களாம்.

"பெருமாளத் தோள்ல வெச்சுண்டு பொய் சொன்னேனே, அதுக்கு என்னடி இருக்கு?"

அவர் சொன்னபடியே பிராயச்சித்தம் செய்து வைத்தார்கள். ஆனி மாதப் புறப்பாட்டுக்குத் திரும்ப வரச் சொல்லிப் பெரியவர் ஆளனுப்பினார். இவர் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது, என் மானம் போனால் போகட்டும் என்று பெரியவர் வீட்டுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துகொண்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே, உன் ஆம்படையான் தப்பு பண்ணினாலும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான், அத்தனை பேருக்கு நடுவில் அப்படி உண்மை பேச யாருக்கு வரும் என்று சொன்னார். அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்வது? நான் உண்மையைச் சொன்னால் இவர் பொய்யர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் தெரிந்தே தோலைக் காலில் ஒட்டிக்கொண்டு பெருமாளைச் சுமந்தவர். இரண்டில் எது அவருக்குத் தேவலை என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் கொடுத்த துளசியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் இவரிடம் சொன்னபோது, சொல்லாமல் வந்ததே நல்லது என்றார். எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே நினைத்தாரா, கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்தப் புரட்டாசிச் சனிக்கிழமையும் பெருமாள் எங்கள் தெருவில் எழுந்தருளினார். தட்டை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன். இவரும் வந்து என் பக்கத்தில், தெருவில் மற்ற ஆண்கள் நிற்பது போல, கை கூப்பி நின்றார். சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்ததை அப்போதுதான் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், அது குரலிலேயே தெரிந்தது.

"வலி போயிடுத்துடி. ஒரு மாசமாவே இல்லை."

போகாமல் என்ன செய்யும்? கனம் போனால் குதிகால் தானாக ஆறும். டாக்டர் முதல் நாளே சொன்னதுதான், சாம்பிள் ரூமில் நானும் தினம் சொல்வதுதான். தண்டு எங்களைத் தாண்டிப் போனபோது அவருடைய தோள், அவருக்கே தெரியாமல், ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.