பச்சை மூடிய பாயா

பச்சையாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எனக்கு உறைத்தது, அம்மா லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மா கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாயா இந்த வருஷம் என்னமா செழிச்சிருக்கு பாரு. கொழுந்து மலை மாதிரியே இருக்கு."

பாயா என்பது எங்கள் லயத்துக்கும் மாமாவின் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கும் சதுப்பு. மலாய்ச் சொல். கோலாலம்பூருக்குப் படிக்கப் போன புதிதில், "வீட்டுக்குப் பின்னால பாயா, அதுல தவளை பிடிப்போம்" என்று சொல்லி, ஆட்டுக்கால் சூப்பை நினைத்துக்கொண்ட தோழிகளை முகம் சுளிக்க வைத்திருக்கிறேன்.

அம்மா இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மலை பச்சையாக இருந்தால் வேலை உண்டு, நிறம் மாறினால் கவலை. லயமே பாயாவை அந்தக் கண்ணால்தான் பார்த்தது. சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்த நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அன்று அம்மா துணியை உதறியது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வேறு சத்தமே இல்லை. மழை விட்டதும் கத்தித் தீர்க்க வேண்டிய தவளைகள் எங்கே போயின?

சமையலறையிலிருந்து வடிகட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அதுல இனிமே தேத்தண்ணி வடிக்க முடியாது லா," என்றார் அம்மா.

காட்டோரம் ஊற்று கசியும் மூலையில் முதலில் அள்ளினேன். தலைப்பிரட்டைகள், குட்டி நத்தைகள், தட்டானின் இளம்புழு ஒன்று. அங்கே தண்ணீர் அடிவரை தெரிந்தது. மாமாவின் வாய்க்கால் வந்து விழும் முனையிலோ கோழி எரு வாடை. பாசியை விலக்கினால் கறுப்புத் தண்ணீர். வடிகட்டியில் சிவப்புப் புழுவும் கொசுப்புழுவும்தான் நெளிந்தன. செடி தின்றது போக மிஞ்சிய உரம் மழையோடு இறங்குகிறது. பாசி அதைத் தின்று பெருகி வெளிச்சத்தை மறைக்கிறது. பிறகு அழுகி, தண்ணீரில் இருக்கும் காற்றையும் தீர்த்துவிடுகிறது. கொசுப்புழு மேலே வந்து மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். அதைத் தின்ன வேண்டிய தட்டான் புழு செத்துப்போகும்.

இரண்டு இடத்துத் தண்ணீரையும் புழுக்களோடு இரண்டு கண்ணாடி போத்தல்களில் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவருக்கு ஏற்கெனவே வேறு திட்டம் இருந்தது.

"கொசு தாங்கல. இந்த கோஸ் வெட்டினதும் லோரில மண்ணு கொட்டி பாயாவ மூடிடப் போறேன். மேல ஒரு பிளாஸ்டிக் கொட்டாய் போட்டா சாவி கீரை வைக்கலாம்."

"கொசுவே உங்க வாய்க்காலாலதான் மாமா."

"ஆமா, கோழி சாணிக்கு றெக்கை முளைச்சிருச்சு. யுனிவர்சிட்டில இதான் சொல்லிக் கொடுத்தானுங்களா?"

ஒரு கொசுப்புழுவைத் தட்டான் புழு இருந்த போத்தலில் விட்டேன். தட்டான் புழு அசையாமல் கிடந்தது. பிறகு தாடையை நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வியது. மாமா போத்தலை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொண்ணு போடு," என்றார்.

அதுவும் போனது. போத்தலைத் திருப்பிக் கொடுத்தவர், லயத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது சரி, உங்கம்மா சவுக்காரத் தண்ணி எங்க போகுதாம்? என் வாய்க்கால் மட்டும்தான் உன் கண்ணுல படுதா?"

துவைக்கும் கல்லிலிருந்து வெள்ளை நுரை பாயாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அதை நான் கவனிக்கவே இல்லை.

மேலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "நான் துவைக்கிறது ரெண்டு வாளி துணி. நீ கொட்டுறது மூட்டை மூட்டையா."

"உன் மகளுக்கு முன்னால கணக்கு பாக்காதக்கா," என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "கோஸ் வெட்டுற வரைக்கும் பாயா உன்னுது. அதுக்குள்ள கொசு குறையலன்னா லோரி வரும். அப்புறம் அழக்கூடாது."

"வாய்க்கால் முனையில ஒரு பாத்தி வேணும் மாமா."

"அந்தக் கடைசி பாத்திய எடுத்துக்க. அது எப்படியும் உருப்படாது. அடுத்ததுல கை வச்ச, தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாத்தியில் குழி தோண்டப் போகிறேன். வாய்க்கால் தண்ணீர் அதில் தங்கி, சேறு அடங்கிய பிறகு பாயாவுக்குப் போகட்டும். மிஞ்சும் உரத்தை உறிஞ்சக் குழி வாயில் நட, ஊற்று மூலையிலிருந்து கோரை பிடுங்கி வர வேண்டும். லயத்துத் தண்ணீரையும் அந்தக் குழிக்கே திருப்ப வேண்டும். மழை வரும்போது எருவைக் கன்வாஸ் போட்டு மூட மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. தினமும் போய்க் கேட்பேன்.

மேலே கிடக்கும் பாசியை அள்ளியாக வேண்டும் என்றதும் அம்மா பழைய கொழுந்துக் கூடையைத் தேடி எடுத்தார்.

"பச்சையை எடுக்கிறதுதானே? அதுக்கு நீ யாரையும் கூப்பிட வேண்டாம்."

முதலில் வாய்க்கால் முனையில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மட்டும் அள்ளிப் பார்க்கப் போகிறோம். வெயில் உள்ளே இறங்கி, தண்ணீரில் காற்றும் கூடினால், ஊற்று மூலையிலிருந்து கொஞ்சம் தட்டான் புழுக்களைக் கொண்டுவந்து அங்கே விடலாம்.