தில்லையம்மாள் பீரோவின் மூன்று தட்டுகள்

யுத்தம் முடிந்த மறு வருஷம், சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் இருந்த சந்தினை ஆண்டது யார் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் வெள்ளைக்காரன் என்பார்கள். தில்லையம்மாள்தான் ஆண்டாள். ஏனென்றால் அவளிடம் பீரோ இருந்தது.

தேக்கு பீரோ. கதவில் ஆள் உயரக் கண்ணாடி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, தில்லையம்மாளின் புருஷன் கொளஞ்சியப்பன் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா, சாதுவான மனிதர். முதுகு அரிக்கிறதே என்று கையைத் தூக்கினார். பீரோ அவர் பெயருக்கு விழுந்தது. மாட்டு வண்டியில் அது சந்துக்குள் நுழைந்த அன்று, தகரப் பெட்டியையும் கொடிக்கயிற்றையும் தவிர வேறெதையும் அறியாத ஜனங்கள் உற்சவம் வந்ததுபோல் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவள் அரிசி மண்டிக்காரர் மனைவி ராசம்மாள். "எங்க ஊட்ல எலித் தொல்ல ஜாஸ்தி, தில்லை. என் கூறைப் பொடவைய ஒன் பீரோவுல ஒரு ஓரமா வச்சிக்கயேன்" என்றாள். அவளைப் பார்த்து முத்தம்மாள் வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் சந்தின் மானம் மரியாதை அத்தனையும் மடிப்பு மடிப்பாக அந்தப் பீரோவுக்குள் குடியேறிவிட்டது. இடம் பற்றாமல் போகவே தில்லையம்மாள் தன் புடவைகளை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் சொந்த வசதியைப் பார்த்தால் நடக்குமா?

வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசியில், அடைமழை பிடிப்பதற்கு முன், பீரோ ஒழிக்கப்படும். தில்லையம்மாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முற்றத்து நிழலில் பாய் விரித்து உலர்த்துவாள். வேப்பங்குழையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, வசம்பை இடித்துச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, பூச்சி வராமல் மூலைக்கு ஒன்றாக வைப்பாள். இதெல்லாம் வெறும் உடல் உழைப்பு. திரும்ப அடுக்குவதில்தான் ராஜாங்கம் இருந்தது.

பீரோவில் மூன்று தட்டுகள். மேல் தட்டு காற்றோட்டமானது; கதவைத் திறந்தால் எல்லார் கண்ணிலும் படும். நடுத் தட்டு பரவாயில்லை. கீழ்த் தட்டு தரையோடு தரை; மழைக்காலத்தில் ஈரம் ஏறும். எந்தப் புடவைக்கு எந்தத் தட்டு என்பது பட்டின் தரத்தைப் பொறுத்ததல்ல, உடுத்துகிறவளின் நடத்தையைப் பொறுத்தது. அதனால் புரட்டாசி பிறந்தாலே சந்தில் சண்டை குறையும். குரல்கள் இனிக்கும். சென்ற வருஷம் கீழ்த் தட்டில் கிடந்த முத்தம்மாள், தட்டு நிறைய முறுக்கோடு இரண்டு முறை வந்து நலம் விசாரித்ததில் நடுத் தட்டுக்கு உயர்ந்தாள். அவள் புருஷனுக்கு உத்தியோகத்தில் அப்படியொரு உயர்வு கிடைத்ததே இல்லை.

அந்த வருஷம் ராசம்மாளுக்கு நாக்கில் சனி. "அது கோணக் கண்ணாடிடி. அதுல பாத்தா ஒருத்தி மூஞ்சியும் ஒழுங்கா இல்ல" என்று கிணற்றடியில் சொல்லிவிட்டாள். தண்ணீர்க் குடம் வீடு சேர்வதற்குள் பேச்சு தில்லையம்மாளிடம் சேர்ந்தது. ஒழிக்கும் நாளன்று, பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, ராசம்மாளின் அரக்குக் கூறைப் புடவையை அவள் நிதானமாக எடுத்தாள். மேல் தட்டைத் தாண்டினாள். நடுத் தட்டைத் தாண்டினாள். குனிந்து கீழ்த் தட்டில் வைத்தாள். ராசம்மாள் வாய் திறக்காதது சந்துக்குப் புது அனுபவம்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. கொளஞ்சியப்பனின் தங்கை மலர்க்கொடி கடலூரிலிருந்து இறங்கினாள். வண்டியில் வைக்கோல் மெத்தென்று பரப்பியிருந்தது.

"வா மலரு. என்னா வைக்கோலோட வந்திருக்க?"

"பீரோ அடிபடக் கூடாதுல்ல, அண்ணி. அதான்."

"எந்தப் பீரோ?"

"இந்தப் பீரோதான். தையில பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரா எடுத்துக்கன்னு அண்ணன் சொல்லிச்சே."

தில்லையம்மாள் திரும்பினாள். கொளஞ்சியப்பன் உத்தரத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க?"

"நான் என்ன சொன்னேன்னா… தில்லை துணி அதுல இருந்தா தர முடியாது. சும்மா கெடந்தா எடுத்துக்கன்னு…" என்று அவர் உத்தரத்திடமே சொன்னார்.

"கேட்டியா அண்ணி? இதுல ஒன் துணி எது, காட்டு. ஒண்ணு இருந்தாலும் வெறும் வண்டியா திரும்பிப் போறேன்."

பீரோ திறந்தே கிடந்தது. தில்லையம்மாளின் துணி அதில் ஒரு நூல்கூட இல்லை. தன் சொந்த வீட்டில், தன் பிரஜைகள் முன்னால், தன் சிம்மாசனத்தைத் தூக்கி வைக்கோலில் கிடத்தப் போகிறார்கள். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"எல்லாமே என்னுதுதான்."

துணிக்குக் கூப்பனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் காலம். கூட்ஸ் ஷெட் குமாஸ்தா பெண்டாட்டிக்கு மூன்று தட்டு நிறையப் பட்டு! அதிகம் திடுக்கிட்டவர் கொளஞ்சியப்பன்தான். இத்தனையும் எப்போது வாங்கிக் கொடுத்தோம் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார்.

மலர்க்கொடி லேசுப்பட்டவள் இல்லை. கீழ்த் தட்டிலிருந்த அரக்குப் புடவையைத் தொட்டாள். சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் ராசம்மாளையே பிடித்தாள்.

"நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க. இது யாரு பொடவ?"

ராசம்மாள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை இத்தனை பேர் இத்தனை ஆவலாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"தில்லையோடதுதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஒண்ண நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. இவ்ளோ நல்ல பொடவையக் கொண்டுபோய் யாராச்சும் கீழ்த் தட்டுல வைப்பாங்களா? ஈரம் ஏறி ஜரிகை கறுத்துப் போவாது?"

ஒரு முறை அடுக்கியதை மறுபடி மாற்றியதாகத் தில்லையம்மாளின் ஆட்சியில் சரித்திரம் கிடையாது. ஆனால் பெரிய ராஜாக்களே ஒரு கோட்டையைக் கொடுத்து நாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் குனிந்து புடவையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"நானும் அதத்தான்க்கா நெனச்சேன். கை மறதியா வச்சிட்டேன்" என்று மேல் தட்டில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் நடுவால வையி."

நடுவில் வைத்தாள்.

முத்தம்மாள் சமயம் அறிந்தவள். "அந்தப் பச்சைக்கும் காத்து பத்தல போல இருக்குதே, தில்லை?" என்றாள். பச்சை மேலே போனது. "அந்த மாம்பழக் கலரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாம்பழமும் போனது. விசுவாசத்துக்கு அன்று சந்தில் நல்ல கிராக்கி. சற்று நேரத்தில் மேல் தட்டு பிதுங்கியது. கீழ்த் தட்டு காலி. தில்லையம்மாள் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல், எல்லாம் தன் யோசனைப்படியே நடப்பதுபோல் நின்றாள்.

மலர்க்கொடி பிதுங்கிய தட்டைப் பார்த்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒரு சந்தே சேர்ந்து ஒருத்திக்காக இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறதென்றால், அவளிடமிருந்து பீரோவைப் பிடுங்க முடியாது என்பதும் புரிந்தது. வண்டிக்குப் போய், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

"அண்ணி, பொண்ணுக்கு எடுத்த கூறைப் பொடவ. பீரோவுல வச்சே எடுத்துக்கிட்டுப் போவலாம்னு இருந்தேன். எங்க ஊட்ல கடல் காத்து, போதாததுக்குக் கரையான். தை வரைக்கும் இத ஒன் பீரோவுல வச்சிக்கயேன்."

கொளஞ்சியப்பன் உத்தரத்தை விட்டு இறங்கி வந்து தன் மனைவியைப் பார்த்தார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பெரிய அதிகாரி வரும்போதுதான் அவர் அப்படிப் பார்ப்பது வழக்கம்.

தில்லையம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்து, மடிப்பைச் சரிசெய்து, கீழ்த் தட்டில் வைத்தாள்.

"புதுசா வர்றவங்களுக்கு அங்கதான் மலரு. மேல ஏத்துறது, அவங்கவங்க நடந்துக்கிறதப் பொறுத்து."

மலர்க்கொடி ஒரு கணம்தான் யோசித்தாள்.

"அடுத்த வாரம் நம்ம வண்டி இந்தப் பக்கம் வருது. ஒனக்கு நெத்திலிக் கருவாடு புடிக்குமில்ல, அண்ணி?"

தில்லையம்மாள் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"புரட்டாசி கழியட்டும்" என்றாள்.