மேயரும் பன்னிரண்டரை மணிக் கதவும்

எங்கள் எல்ம் ஃபோர்க் ஊரில் மேயர் டெல்மர் ஹேகனைத் திட்டாத ஆள் இல்லை. அவனை எதிர்த்துத் தேர்தலில் நிற்கவும் ஆள் இல்லை. ஆயிரத்து நானூறு பேர் உள்ள ஊரில் அந்த வேலைக்கு வேறு எவன் வருவான்? பகலெல்லாம் தன் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுவான். சாயங்காலமானால் கூட்டம். தண்ணீர்க் கூட்டம், சாலைக் கூட்டம், கல்லறைத் தோட்டத்துப் புல்லை யார் வெட்டுவது என்று ஒரு கூட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனும் நானும் ஒரே பெஞ்சு. அதனால் மேயரை ‘அவன்’ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன், என் கையால் சாப்பிடாத பிள்ளை இந்த ஊரில் கிடையாது.

அவன் மேயரான முதல் வருஷமே அந்தப் பார்ட்டியைத் தொடங்கிவிட்டான். மே மாதத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பிராம் நடனம் முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் என்று ஊருக்கே தெரியும். ஊரைத் தாண்டிச் சரளை தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அங்கே எவனாவது பீர்ப் பீப்பாயோடு காத்திருப்பான். பிள்ளைகளை அங்கே போகவிடாமல் பள்ளி விளையாட்டுக்கூடத்திலேயே விடியும்வரை பிடித்துவைப்பதுதான் மேயர் பார்ட்டி. ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது. காற்றடைத்த உடுப்பில் குஸ்தி, பொய்க்காசில் சீட்டாட்டம், சோளச் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து அதிலேயே கறியும் சீஸும் கொட்டித் தரும் என் டாக்கோ. காலை நாலரைக்குப் பரிசுக் குலுக்கல், கல்லூரி விடுதியில் வைத்துக்கொள்ளச் சின்ன ஃபிரிட்ஜ். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பரிசு. உண்மையைச் சொல்கிறேனே, பிள்ளைகள் வருவது மேயருக்காக இல்லை, ஃபிரிட்ஜுக்காக.

பள்ளத்தில் குடித்துவிட்டுப் பரிசுக்கு மட்டும் வந்து நிற்கும் கெட்டிக்காரர்களுக்காக டெல்மர் விதி போட்டான். பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், ஆனால் திரும்ப வர முடியாது. போன ஐந்து நிமிஷத்துக்குள் வீட்டுக்குப் போன் போகும். அந்தப் போன் என் வேலை. அதற்காக நுழையும்போதே எல்லாரும் ஒரு தாளில் பேரும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வேலை செய்யும் பெரியவர்களும் எழுத வேண்டும்.

“எனக்கு அம்பத்தோரு வயசாச்சு டெல்மர். நான் ஓடிப்போனா யாருக்குடா சொல்லணும்?”

“எழுது ஆர்லிஸ். நமக்கும் அதே விதிதான்னு பசங்க பாக்கட்டும்.”

போன வருஷம் பாதிரியாரின் மகன் பன்னிரண்டு முப்பத்துநாலுக்கு வந்தான். நாலே நிமிஷம். டெல்மர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று கடிகாரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டான். பையன் அழுதுகொண்டே போனான். பாதிரியார் மனைவி லொரெய்ன் ஆறு மாதம் இவன் கடைப் பக்கமே போகவில்லை. ஒரு சுத்தியல் வாங்க முப்பது மைல் ஓட்டிக்கொண்டு போனாள் என்றால் பாருங்கள்.

ஊர்ப் பிள்ளைகளை இப்படிக் காத்தவன் தன் பிள்ளையை விட்டுவிட்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் பிரிட்டா தேவாலயத்தில் தனியாக நின்று பாடிய அன்று இவன் சாலைக் கூட்டத்தில் இருந்தான். பந்தாட்டக் கடைசி மேட்சின்போது தண்ணீர்க் கூட்டம். இவன் மனைவி ஜோலீன் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுமுனையில் வீடு பார்த்துப் போய்விட்டாள். அதன்பின் டெல்மர் கடையிலேயே நின்றுகொண்டு டப்பா சூப் குடிப்பான். கதவைப் பூட்டியபின்னும் கடை விளக்கு எரியும். ஒருநாள் ஏனென்று கேட்டதற்கு, “வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறேன்?” என்றான்.

இந்த முறை பிரிட்டாவுக்கே கடைசி வருஷம். ஆகஸ்டில் ஆரெகன் மாநிலத்துக்குப் போகிறாள் படிக்க. அதற்கப்புறம் எங்கே வரப் போகிறாள்? ஏப்ரலில் எதற்கோ ஒட்டும் நாடா வாங்க அவள் கடைக்கு வந்தபோது டெல்மர் கேட்டிருக்கிறான்: “பார்ட்டிக்கு வருவியாம்மா?”

“பாப்போம்” என்றாளாம்.

அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “பாப்போம்னு சொல்லியிருக்கா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிராம் அன்று சாயங்காலம் ஊரே விளையாட்டுக்கூடத்துப் படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நடந்து வருவதைப் பார்த்தது. பிரிட்டா நீல உடுப்பில் வந்தாள். டெல்மர் கைதட்டிய தட்டில் பக்கத்தில் இருந்த கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு நடனம் முடிந்து பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் டெல்மரின் தலை திரும்பியது. பன்னிரண்டேகால் ஆயிற்று, பன்னிரண்டு இருபத்தைந்து ஆயிற்று.

“பூட்டட்டுமா?” என்றேன்.

“மணி ஆகலியே.”

பன்னிரண்டரைக்கு அவனே பூட்டினான்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குக் கண்ணாடியில் தட்டும் சத்தம். பிரிட்டா. அதே நீல உடுப்பு, மேலே ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட், முடியெல்லாம் கலைந்திருந்தது. டெல்மரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே அது சுருங்கியதையும் பார்த்தேன். டாக்கோ மேசையில் கரண்டியைப் பிடித்தபடி லொரெய்ன் நின்றாள். அந்தக் கரண்டி அசையவே இல்லை.

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான்.

“அப்பா, உள்ள விடு. குளுருது.”

“நேரம் தாண்டிடுச்சேம்மா…”

“பத்து நிமிஷம்ப்பா.”

அப்போதுதான் வாசனை வந்தது. கதவோரம் போன் மேசையில் இருந்த எனக்கே வந்தது. பீர் நாற்றம்.

“பள்ளத்துக்குப் போயிருந்தியா? குடிச்சிருக்கியா?” கூடமே கேட்கும்படி கேட்டான், பாவி.

பிரிட்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். “நல்லது மேயரே. ஊர்ப் பசங்களைப் பாத்துக்கோங்க” என்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சரளையில் வெறுங்காலோடு நடந்து தன் காருக்குப் போனாள்.

டெல்மர் கதவைச் சாத்தினான். லொரெய்ன்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும், என் மேசைப் போன் அடித்தது. ஊர்க்கோடியில் இருக்கும் டார்லா. அழுகையும் பேச்சுமாக வந்தது. அவள் பெண் பள்ளத்தில் கண்டபடி குடித்துக் கிடந்தாளாம். பார்ட்டிக்குப் புறப்பட்ட பிரிட்டா அதைக் கேள்விப்பட்டு நேரே அங்கே போயிருக்கிறாள். அவளைத் தூக்கிக் காரில் போட்டு, தன் உடுப்பெல்லாம் வாந்தி வாங்கிக்கொண்டு, வீட்டில் இறக்கிப் படுக்கவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். “மேயர் பொண்ணை நல்லா வளத்திருக்காருன்னு சொல்லு ஆர்லிஸ்” என்றாள்.

அதை அப்படியே டெல்மரிடம் சொன்னேன். மென்மையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு கோபம்.

கோட்டை மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனான்.

“வெளிய போனா உள்ள வர முடியாதுடா.”

“தெரியும். நான்தானே போட்டேன்.”

அவன் போவதற்குள் கார் எப்போதோ போய்விட்டிருந்தது. தன் வண்டிப் பக்கத்தில் நின்று கைப்பேசியை எடுத்தான், காதில் வைத்தான், பார்த்தான், மறுபடி வைத்தான். யாரும் எடுக்கவில்லை என்று கண்ணாடி வழியாகவே தெரிந்தது. எங்கே போய்த் தேடுவது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. மகளுக்குச் சிநேகிதர் யார், மனது சரியில்லை என்றால் எங்கே போய் உட்காருவாள், எதுவும் தெரியாத அப்பன். வடக்குக் காற்று கோட்டைத் தூக்கியடிக்க, விளக்குக் கம்பத்தடியில் நின்றான். உள்ளே நூறு பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வேலை ஒன்று இருந்தது. வெளியே போனவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் போன். பெட்டியைக் கவிழ்த்து டெல்மரின் தாளைத் தேடி எடுத்தேன். ஜோலீன் போனபின் நடந்த நாலு பார்ட்டியிலும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தை அவன் வெறுமையாக விட்டது எனக்குத் தெரியும். இந்த வருஷம் எழுதியிருந்தான். பிரிட்டா ஹேகன், மகள். கீழே எண்.

மூக்கைச் சிந்திக்கொண்டு எண்ணைச் சுழற்றினேன். அப்பாவின் எண்ணை எடுக்காதவள் பள்ளிக்கூட எண்ணை எடுத்தாள். இருபது வருஷமாக எல்லா வீட்டுக்கும் சொல்லும் அதே வாசகத்தைச் சொன்னேன்: “மேயர் பார்ட்டியிலேர்ந்து பேசறோம். உங்க வீட்டு டெல்மர் பன்னெண்டு அம்பத்தாறுக்கு வெளிய போயிட்டாரு. திரும்ப உள்ள விடமாட்டோம். வந்து பாத்துக்குங்க.”

“என் நம்பரையா குடுத்திருக்காரு?”

“வேற யாரு நம்பரைக் குடுப்பான்? யாரு இருக்கா அவனுக்கு?”

போனை வைத்துவிட்டாள். நான் என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

கால் மணி கழித்துக் கார் விளக்கு உள்ளே திரும்பியது. பிரிட்டா இறங்கினாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். என்ன சொன்னாள் என்று டெல்மர் பிறகு சொன்னான்: “இந்நேரத்துல இங்க நின்னுக்கிட்டு என்னப்பா பண்ற? எனக்கு போன் பண்றாங்க.” இவன் விக்கி விக்கி அழுதானாம்.

இருவரும் வண்டிக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே விடத்தான் விதி இல்லை, வெளியே சோறு போகக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. இரண்டு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். லொரெய்ன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, “கறி கம்மியா போட்டிருக்க” என்று இன்னொரு கரண்டி போட்டுக் கதவிடுக்கு வழியாகத் தானே வெளியே நீட்டினாள்.

ஆகஸ்டில் பிரிட்டா போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் வந்தாள், அவ்வளவுதான். அந்தக் கோடையில் அணைந்திருந்த கடை விளக்கு மறுபடி ராத்திரியில் எரியத் தொடங்கியது.

அடுத்த மே மாதம் பார்ட்டி நடக்கும்போது மணி ஒன்று. டெல்மர் கண்ணாடிக் கதவருகே நின்று, காலியான நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாளை எடுத்துப் பார்த்தேன். அதே எண். அவள் இருப்பது ஆயிரத்து முந்நூறு மைல் தள்ளி.

“என்னடா பாக்கற?”

“ஒண்ணுமில்ல. பரீட்சை நேரம், அவ முழிச்சிருப்பா. நானா கூப்பிட்டா தொந்தரவு.”

“அப்ப வெளிய போ.”

“போனா உள்ள வர முடியாதே ஆர்லிஸ்.”

“வராத. உன்னை வச்சுத்தான் இங்க எல்லாம் நடக்குதுன்னு நினைப்பா?” போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “நீ போனாத்தானே நான் அவளுக்குச் சொல்ல முடியும்?”

டெல்மர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். நான் மணியைக் குறித்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினேன்.